வெறுமையான ஜெப ஆலயம் கேட்கும் கேள்வி

தமிழ்த் திருச்சபையில் யூதரின் பெயர் ஒலியாத ஞாயிற்றுக்கிழமை அரிது. ஆபிரகாம் முதல் அப்போஸ்தலனாகிய பவுல் வரை நாம் வாசிக்கும் வேதபாடங்களில் வருவோருள் மிகப் பலர் அவ்வினத்தாரே. நம் ஆண்டவரும் மாம்சத்தின்படி யூதரே. ஆயினும், யூதர் யார் என்று சபையாரிடம் கேட்டால், எருசலேமின் அழிவோடு மறைந்துபோன ஒரு கூட்டத்தாரைப்பற்றிச் சிலர் பேசுவர். செய்தித்தாளில் வரும் மேற்காசியப் போரைப்பற்றி வேறு சிலர் பேசுவர். இவ்விரண்டிற்கும் இடையே கழிந்த ஏறத்தாழ 1,900 ஆண்டுகளில் அம்மக்கள் எங்கிருந்தார்கள் என்னும் வினா எழுவதில்லை. அவ்வாண்டுகளுள் பலவற்றை அவர்களில் ஒரு சாரார் நம் கடற்கரைகளிலேயே, நம் முன்னோரின் அயலாராய் இருந்து கழித்தனர் என்பதை அறிந்தோரும் சிலரே.

கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்தில் வடக்கன் பரவூர், சேந்தமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களில், யூதரின் பழைய ஜெப ஆலயங்கள் இன்று அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன. இறையியல் மாணவர் சிலருடன் அவற்றையும், கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி ஜெப ஆலயத்தையும் கண்டு திரும்பிய நாம், அங்குக் கற்றவற்றுள் திருச்சபைக்கு இன்றியமையாதனவற்றை இங்கு எழுத முற்படுகிறோம். தொலைவிலுள்ள ஓர் இனத்தின் விநோதங்களை எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. அவ்வெறுமையான ஆலயங்கள், நிரம்பியிருக்கும் நம் ஆலயங்களை நோக்கி எழுப்பும் வினாக்களையே நாம் ஆராய விரும்புகிறோம்.

நமது கரையில் ஒரு கல்

கேரளம் செல்லுமுன் நம் ஊர்ப்புறத்திலிருந்தே தொடங்குவது தகும். உச்சிப்புளிக்குத் தென்மேற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் பெரியபட்டினம் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று மீன்பிடித் தொழிலும் தென்னந்தோப்புகளும் மிகுந்த அவ்வூர், 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிநாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிருந்தது. 1980-களில் ஜப்பானியப் பேரறிஞர் நொபுரு கராஷிமாவும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து எ. சுப்பராயலுவும் அங்கு ஆய்வு நடத்தியபோது, சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. மொராக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பதூதா 'பத்தன்' என்று குறித்த துறைமுகம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். அருகிலுள்ள திருப்புல்லாணிக் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கபட்டினம் என்னும் துறைமுகத்திலிருந்த சோனகரின் பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடையைக் கூறுகிறது. அப்பட்டினமும் பெரியபட்டினமே என்பது கராஷிமாவின் முடிபு. வைணவக் கோயிலின் சுவரில் இஸ்லாமியர் தொழுகையிடத்திற்கான கொடை பொறிக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

இந்தப் பெரியபட்டினத்தில் எபிரெய எழுத்துகள் பொறித்த கல்லறைக்கல் ஒன்றும் கிடைத்திருக்கிறது. கப்பல் தங்கும் சில நாட்களுக்கு மட்டும் வந்துபோனவர்க்குக் கல்லறைக்கல் நாட்டுவது வழக்கமன்று; எழுத்தைச் செதுக்கத் தெரிந்தவரும், அதை வாசித்து இறந்தவரை நினைவுகூரக் கூடியவரும் அவ்விடத்தில் இருந்திருத்தல் வேண்டும். முத்துக்குளிப்பும் குதிரை வாணிபமும் செழித்த இக்கரையில், மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொண்ட குடும்பங்கள் சில வாழ்ந்தன என்று கொள்வது பொருந்தும்.

நம் பிரசங்கிமார் யூதரையும் தமிழரையும் இணைத்துப் பேசுவதில் ஆர்வமுடையோரே. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்ததாக 1 இராஜாக்கள் 10:22-இல் கூறப்படும் மயில்களுக்கு எபிரெயத்தில் வழங்கும் 'துக்கி' என்னும் சொல், தமிழின் 'தோகை' என்பதோடு தொடர்புடையது என்று இடையன்குடி கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எழுதினார். அது முதல் ஓப்பீர் நம் உவரியே என்பது போன்ற ஊகங்கள் பெருகின. சாலொமோனின் கப்பலை நம் கரையில் நிறுத்த இத்தனை ஆவல் கொண்டோர், நம் கரையில் உண்மையாகவே வாழ்ந்து மரித்த யூதரைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாதது ஏன்? சாலொமோனின் மயில் நமக்குப் பெருமை தருகிறது. பெரியபட்டினத்துக் கல்லறையோ நம்மிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறது. பெருமையை ஏற்பது எளிது.

செப்பேடுகளின் சாட்சி

இந்தியத் திருச்சபையின் மிகப் பழைய ஆவணங்களுள் தலையாயது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849-ஐ ஒட்டி, சேர மன்னன் ஸ்தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ என்பவர் எழுப்பிய கிறிஸ்தவப் பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் அளித்ததை இது கூறுகிறது. இதன் ஏடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லாவிலும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வட்டெழுத்தில் அமைந்த இவ்வாவணத்தின் இறுதியில் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. சிலர் அரபு எழுத்திலும், சிலர் பாரசீகத்தின் பகலவி எழுத்திலும், வேறு சிலர் எபிரெய எழுத்திலும் தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். அதாவது, ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் உரிமைக்கு இஸ்லாமியரும், பாரசீகரும், யூதரும் சாட்சிகளாய் நின்றனர். இந்திய மண்ணில் திருச்சபை தன் நிலத்தை உறுதிசெய்துகொண்ட நாளில் யூதர் சத்துருவாக நிற்கவில்லை, சாட்சியாக நின்றனர்.

கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் தங்கியிருந்தபோது, யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அளித்த செப்பேடு மற்றொன்று. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையும், பல்லக்கு, குடை, பகல் விளக்கு, பறை, காளம் முதலான 72 சிறப்புரிமைகளும், வரி விலக்கும் அவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த பல சமய வணிகரின் குழுவாகும். நம் இராமநாதபுர மாவட்டத்தில் தொண்டிக்கு அருகேயுள்ள தீர்த்தாண்டதானத்தின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அப்பெயர் காணப்படுகிறது. பிற்காலத்தில் தமிழகக் கரையில் இஸ்லாமிய வணிகரையே அப்பெயர் சுட்டலாயிற்று.

ஐரோப்பிய வாணிபக் காலத்திலும் தமிழகத்திற்கும் யூதருக்கும் இருந்த தொடர்பு அற்றுவிடவில்லை. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பெற்றபோது, அதன் 12 ஆல்டர்மன்களுள் மூவர் யூத வணிகர். வைரத்தை ஏற்றுமதி செய்து பவளத்தை இறக்குமதி செய்த அவர்களுடைய நினைவாகவே சென்னையின் பவளக்காரத் தெரு இன்றும் நிற்கிறது.

பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் கண்டவை

பரவூர் ஜெப ஆலயம் 1616-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அதைக் கட்டுவித்தவர் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார். 'முதலியார்' என்பது யூத சமூகத்தின் தலைவருக்குக் கொச்சி மன்னர் வழங்கிய பட்டம். தெருவிலிருந்து வாயிற்கட்டிடத்தைக் கடந்து, நீண்ட நடைவழியே சென்றுதான் வழிபாட்டு மண்டபத்தை அடையவேண்டும். தச்சரின் கைத்திறத்தைக் காட்டும் மரக்கூரையும், மேல்மாடத்தில் பெண்கள் அமரும் பகுதியும், அம்மேல்மாடத்திலேயே வேதம் வாசிப்பதற்கான இரண்டாவது மேடையும் கேரள ஜெப ஆலயங்களின் தனி இயல்புகள். திருச்சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் அமைந்திருக்கிறது. ஐரோப்பாவின் யூதர் கிழக்கு நோக்கி ஜெபிப்பது வழக்கம். இந்நாட்டிலிருந்து பார்க்க எருசலேம் மேற்கே இருப்பதால், இங்குள்ளோர் மேற்கு நோக்கி ஜெபித்தனர். திசை மாறியும் நோக்கு மாறாத இவ்வழக்கத்தைக் கண்ட நம் மாணவர் அங்கு நெடுநேரம் நின்றுவிட்டனர். ஆயின் அங்கு நிற்கும் பேழை மூலப்பேழையன்று. மூலம் இஸ்ரவேல் நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. இங்கிருப்பது அதனைப் பார்த்துச் செய்த படியாகும்.

சேந்தமங்கலத்தில் ஜெப ஆலயமும், கோயிலும், கிறிஸ்தவ ஆலயமும், பள்ளிவாசலும் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் உள்ளன. யூதர் தம் ஜெப ஆலயத்தையும் 'பள்ளி' என்றே மலையாளத்தில் அழைத்தனர். பண்டைத் தமிழில் சமண, பௌத்த உறைவிடங்களுக்கு வழங்கிய அச்சொல்லே, இஸ்லாமியரின் பள்ளிவாசலுக்கும் கேரளக் கிறிஸ்தவரின் பள்ளிக்கும் ஆகிவந்தமை நாம் அறிந்ததே. ஜெப ஆலயத்தின் முன்புறத்தில் ஒரு கல்லறைக்கல் நிற்கிறது. இஸ்ரவேல் என்பவரின் மகள் சாராள் 1269-இல் மரித்ததாக அதன் எபிரெய எழுத்துகள் அறிவிக்கின்றன. பெரியபட்டினத்தில் கிடைத்த கல்லின் உறவுக்கல் என்று இதனைச் சொல்லலாம்.

கேரள யூதரின் மணப்பெண்கள் தாலி அணிந்தனர். ஜெப ஆலயத்தினுள் பாதரட்சையுடன் எவரும் நுழைவதில்லை. பெண்கள் மலையாளத்தில் பாடல்களை இயற்றி, நோட்டுப்புத்தகங்களில் எழுதி, தாயிடமிருந்து மகள் பெற்றுக்கொள்ளும் செல்வமாகக் காத்துவந்தனர். வேதாகம நிகழ்ச்சிகளும் ஊர்த் திருமணங்களும் அவற்றில் ஒருங்கே இடம்பெறுகின்றன. நம் நாட்டுப் பண்பாட்டை ஏற்பது விசுவாசத்தை இழப்பதாகும் என்று அஞ்சுவோருக்கும், பண்பாட்டின் பெயரால் விசுவாசத்தையே கரைத்துவிடுவோருக்கும் இம்மக்களின் வாழ்க்கை ஒரு பாடம். இவர்கள் ஓய்வுநாளையும் உணவுக் கட்டளைகளையும் விடாமல் பற்றியிருந்தனர். அதே வேளையில் மலையாளிகளாகவும் வாழ்ந்தனர்.

காயம் வந்த வழி

இந்நாட்டு மன்னர் ஆதரித்த யூதருக்குத் தீங்கு வந்த வழிகளுள் ஒன்றை நாம் மறைக்கலாகாது. 1492-இல் ஸ்பானிய அரசால் துரத்தப்பட்ட யூதருள் சிலர் காலப்போக்கில் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னரின் அரண்மனையை ஒட்டி 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் அவர்களுடையதே. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1560-இல், கோவாவில் போர்த்துக்கீசியர் சமய விசாரணை மன்றத்தை நிறுவியிருந்தனர். 1662-இல் டச்சுக்காரர் கொச்சியை முற்றுகையிட்டுத் திரும்பிப்போனபோது, அவர்களுக்கு யூதர் துணைநின்றனர் என்று சினந்த போர்த்துக்கீசியர் யூதர் தெருவைச் சூறையாடி, ஜெப ஆலயத்திற்கும் தீயிட்டனர். அடுத்த ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரே அது புதுப்பிக்கப்பட்டது. இந்து மன்னரின் அரண்மனைச் சுவரோரம் பாதுகாப்பாயிருந்த வழிபாட்டிடத்திற்குத் தீயிட்டவர்கள் சிலுவையைக் கொடியில் தாங்கி வந்தவர்கள்.

இதைப் படிக்கும் புராட்டஸ்டண்டு வாசகர், அது ரோமச் சபையாரின் பிழை என்று ஆறுதலடைந்துவிடக் கூடாது. சீர்திருத்தத் தந்தையாகிய மார்ட்டின் லுத்தர் 1543-இல் யூதருக்கெதிராக எழுதிய நூலில், அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தவேண்டும் என்றே அறிவுரை கூறினார். நானூறு ஆண்டுகளுக்குப் பின் நாஜிகள் அந்நூலைத் தமக்குச் சாதகமாக எடுத்தாண்டனர். செக் நாட்டின் பிராகு நகரில் 1906-இல் தொடங்கப்பட்ட யூத அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதன் பகுதியாகிய பிங்கஸ் ஜெப ஆலயத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட பொகீமிய, மொராவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. பரவூரின் சுவர்கள் வெள்ளையாய் இருக்கின்றன. கேரள யூதர் கொல்லப்படவும் இல்லை, துரத்தப்படவும் இல்லை. 1948-இல் இஸ்ரவேல் நாடு பிறந்தபின், சமய ஏக்கமும் பொருளாதார நெருக்கடியும் உந்த, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருள் பெரும்பாலோர் 1950-களில் தாமே புறப்பட்டுச் சென்றனர். அவர்கள் குடியேறிய நெவாத்தீம் என்னும் குடியிருப்பில் கொச்சி வாழ்வை நினைவூட்டும் ஒரு காட்சியகமும் உள்ளது. இரு ஜெப ஆலயங்களும் வெறுமையானவையே; ஆயினும் கிறிஸ்தவ ஐரோப்பாவின் வெறுமைக்கும் கேரளத்தின் வெறுமைக்கும் உள்ள வேறுபாடு, கிறிஸ்தவராகிய நம் மனச்சான்றை உறுத்த வேண்டும்.

வாசலில் அமர்ந்தவர்

எனினும் நம் நாட்டின் விருந்தோம்பலைப் பாராட்டி இவ்வரலாற்றை முடித்துவிடுவது உண்மைக்கு மாறாகும். இந்நாடு யூதருக்கு நிலமும் மதிப்பும் அளித்தது. தன் சாதி நோயையும் அளித்தது. மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர் தம்மை வெள்ளையர் என்றும், அவர்களுக்கு முன்னரே இந்நாட்டில் வேரூன்றிய மலபார் யூதரைக் கறுப்பர் என்றும் பிரித்தனர். அவர்களுடன் மணவுறவு கொள்ளவில்லை. சுமார் 1520-இலேயே இவ்வழக்கைக் குறித்து எகிப்திலிருந்த பெரும் ரபீ தாவீது இபின் சிம்ராவிடம் விண்ணப்பம் சென்றது. ஒதுக்கப்பட்டோர் முறைப்படி நீரில் மூழ்கி எழுந்தபின் அவர்களை முழுமையாக ஏற்கவேண்டும் என்பது அவரது தீர்ப்பின் கருத்து. அத்தீர்ப்பை அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

இன்னும் கீழே வைக்கப்பட்டோர், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர். அவர்கள் பரதேசி ஜெப ஆலயத்தின் இருக்கைகளில் அமரலாகாது. முன்மண்டபத் தரையிலோ வாசலிலோதான் அமரவேண்டும். திருச்சுருளை வாசிக்க அழைக்கப்படவும் மாட்டார்கள். இவ்வகுப்பில் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967). வழக்கறிஞராகிக் கொச்சிச் சட்டசபையிலும் இடம்பெற்ற அவர், காந்தியடிகளின் அறப்போர் வழியைத் தம் ஜெப ஆலயத்தினுள்ளேயே கையாண்டார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அந்த வெற்றி முழுமை பெறும் காலத்தில் சமூகமே புறப்பட்டுப்போயிற்று. பத்துப்பேர் கூடாவிடில் பொது ஜெபம் நடவாது என்பது யூதரின் விதி. வாசலில் உட்காரவைக்கப்பட்டோரையும் உள்ளே அழைத்து எண்ணினாலும் பத்துப்பேர் சேராத நிலை பின்னாளில் வந்தது.

இவ்வரலாற்றைத் தமிழ்த் திருச்சபை அயலாரின் கதையாக வாசிக்க இயலுமா? நம் சபைகளில் சாதிக்கொரு பக்கம் அமரும் வழக்கத்தை உடனே ஒழிக்கவேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். அதற்காகச் சபையை விட்டு நீங்கினோரும் உண்டு. வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் இன்றும் பிரிவினை காக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை. ஞானஸ்நானத்தின் நீர் போதாது என்று கருதுவோர், இபின் சிம்ராவின் தீர்ப்பைத் தள்ளியோரோடு ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கின்றனர்.

திருச்சபை செய்யத்தக்கன

உலகத் திருச்சபைகள் இத்துறையில் வாய்திறவாமல் இல்லை. 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் முதற்பேரவை, யூதப்பகைமை கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான பாவம் என்று அறிக்கையிட்டது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் பாடுகளுக்கு அக்கால யூதர் யாவரையுமோ, இக்கால யூதரையோ பொறுப்பாளிகளாக்குவது தகாது என்று போதித்தது. இவை நம் இறையியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் லெந்து காலத்துப் பிரசங்கபீடம் வரை அவை வந்து சேர்ந்தனவா? 'யூதர்கள் அவரைக் கொன்றார்கள்' என்னும் வாக்கியம், பொந்தியு பிலாத்துவின் ரோம அதிகாரத்தையும், சீஷர் யாவரும் யூதரே என்பதையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது. பரிசேயர் என்றால் மாய்மாலக்காரர், யூதர் என்றால் நன்றிகெட்டவர் என்று சிறுபிள்ளைகள் ஞாயிறு பள்ளியிலேயே கற்றுவிடுகின்றனர். ஒரு யூதரையேனும் கண்டிராத ஊரில் இதனால் யாருக்குத் தீங்கு என்று கேட்கப்படலாம். ஓர் இனம் முழுவதையும் ஒரே சொல்லால் இகழப் பழகும் பிள்ளை, அப்பழக்கத்தைப் பக்கத்துத் தெருவாரிடத்தும் காட்டும் என்பதே நம் விடை.

இன்றைய இஸ்ரவேல் அரசின் செயல்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஓர் அரசின் செயலுக்கு ஓரினத்தார் யாவரையும் பொறுப்பாக்குவதும், ஓரினத்தாரின் பழந்துயரைக் காட்டி ஓர் அரசின் செயல்களையெல்லாம் நியாயப்படுத்துவதும், இரண்டும் வேதத்தின் நீதிக்கு ஒவ்வாதவை என்று மட்டும் கூறி அமைகிறோம்.

போதகர்களுக்கு நாம் முன்வைக்கும் ஆலோசனைகள் மூன்று. முதலாவது, பாடுகளின் வரலாற்றைப் பிரசங்கிக்கும்போது, 'யூதர்' என்று பொதுப்படக் கூறாமல், பிரதான ஆசாரியர், தேசாதிபதி, போர்ச்சேவகர், கூட்டத்தார் என்று அவரவரைக் குறித்துப் பேசுதல். இரண்டாவது, திடப்படுத்தல் வகுப்பு மாணவர்க்குத் தம் வட்டாரத்தின் பல்சமய வரலாற்றைக் கற்பித்தல். உச்சிப்புளிப் பிள்ளைகளுக்குப் பெரியபட்டினம் மிக அருகிலுள்ள பாடநூல். திருப்புல்லாணியும் தீர்த்தாண்டதானமும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. மூன்றாவது, சேலம் அவர்களின் அறப்போரைச் சபைக்குழுக் கூட்டங்களில் எடுத்துரைத்து, நம் இருக்கைகளையும் கல்லறைத் தோட்டங்களையும் அதன் ஒளியில் சோதித்துப் பார்த்தல்.

ரோமர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன், புறஜாதி விசுவாசிகளைக் காட்டொலிவ மரத்தின் கிளைகளுக்கு ஒப்பிட்டு, நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்ட கிளை, வேரே தன்னைச் சுமப்பதை மறந்து, மற்றக் கிளைகளுக்கு எதிராய்ப் பெருமை பாராட்டலாகாது என்று எச்சரிக்கிறார். இதுவரை அவ்வுவமையைத் தூரதேசத்து மரமொன்றைப்பற்றியதாகவே நம் சபையார் கேட்டுவந்தனர். அவ்வேரின் ஒரு கிளை இம்மணலிலும் படர்ந்திருந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது இனிப் போதகரின் கடமை.